மங்கிய விண்மீனும் காணாத கோளும்

நடுவட்டத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் ஆளைக் காண இயலாது. தொலைவிலுள்ள விளக்கு சற்றே மங்கும்போது, யாரோ குறுக்கே போகிறார் என்று மட்டும் அறிகிறோம். வானநூலாரும் அப்படித்தான் சிலவற்றை அறிகின்றனர்.

1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கியது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் பட்டாச்சார்யா, குப்புசாமி என்னும் இருவர் 102 செ.மீ. தொலைநோக்கியால் அதனைக் கவனித்தனர். கோள் இன்னும் விலகியே இருந்தது. ஆயினும் விண்மீன் சில நொடிகள் மங்கிற்று! குறுக்கே வந்தது புதிய துணைக்கோள் என்று அவர்கள் எழுதினர். விமானத்திலிருந்து நோக்கிய அமெரிக்கரோ கோளின் இருபுறமும் ஒரே மாதிரி மங்கல்களைக் கண்டனர். ஆகவே அவை வளையங்கள் என்று தெளிவாயிற்று. காவலூரார் கண்டது மெய்யே. கொண்ட பொருள்தான் வேறு.

இன்று நெப்டியூனுக்கு அப்பால் ஒன்பதாம் கோளைத் தேடுகிறார்கள். அங்குள்ள சில சிறு பொருள்களின் பாதைகள் ஒரே பக்கமாக நீண்டிருப்பதால், பெருங்கோள் ஒன்று அவற்றை ஈர்க்கிறது என்று 2016-இல் பாட்டிகின், பிரௌன் இருவரும் கூறினர். நெப்டியூனின் இடமும் முதலில் கணக்கினால்தான் தெரிந்தது; 1846-இல் அதன்பின்னரே கண்டனர். ஆனால், நாம் தேடிய பக்கத்தில் அகப்பட்டவை மட்டுமே அவை என்று ஐயுறுவோரும் உளர். காவலூர்ச் செய்தியைப் படித்த எங்களுக்கு அந்த ஐயம் தவறாகத் தோன்றவில்லை. சிலி நாட்டு ரூபின் தொலைநோக்கி இதைத் தீர்க்கக்கூடும் என்கிறார்கள். அக்கோளை இதுவரை எவரும் கண்டிலர்.