களையும் ஊர்த்துணையும்

களை என்னும் சொல் பெயராகவும் வினையாகவும் நிற்பது. பெயராகுங்கால் பயிருக்குப் பகையான செடியையும், வினையாகுங்கால் அதனை நீக்குதலையும் உணர்த்தும். திருவள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில், கொடியோரை வேந்தன் ஒறுத்தலுக்கு உழவன் களைபறித்தலை உவமையாக்கினார். அங்கே களைபறித்தல் உழவன் தொழில். ஒறுத்தல் வேந்தன் தொழில். இக்காலத்திலோ களைபறித்தலே உழவனும் ஊரும் அரசும் கூடிச் செய்யவேண்டிய தொழிலாகிவிட்டது. இஃது எங்ஙனம் ஆயிற்று என்பதையும், நிலமுடையார்க்கு ஊர் எவ்வாறு துணைநிற்றல் கூடும் என்பதையும் தாம்பரத்தையும் அதன் சுற்றுப்புறங்களையும் கருத்திற்கொண்டு ஆராய்வோம்.

வந்தேறிய செடிகள்

கோரையும் அறுகும் பழமையான களைகள். அவை ஒருவன் வயலில் முளைத்து, அவன் களைக்கொட்டுக்கு அஞ்சி அடங்குவன. கடல் கடந்து வந்த செடிகள் அத்தன்மையன அல்ல. இவற்றை உண்டு அடக்கும் பூச்சிகளும் நோய்களும் பெரும்பாலும் இவற்றின் தாய்நாட்டிலேயே தங்கிவிட்டமையால், இவை இங்கே தடையின்றிப் பெருகுகின்றன. நம் பக்கத்தில் இத்தகையவற்றுள் தலையாயவை மூன்று: தரையில் சீமைக் கருவேலமும் பார்த்தீனியமும், நீரில் ஆகாயத்தாமரையும் ஆம்.

சீமைக் கருவேலம் பகைமையால் வந்ததன்று, வேண்டி அழைக்கப்பட்டது. விறகுப் பஞ்சம் தீர்க்கும்பொருட்டு, 1877ஆம் ஆண்டில் ஜமெய்க்காத் தீவிலிருந்து அதன் விதைகள் தருவிக்கப்பெற்று, அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த கடப்பை மாவட்டத்தில் விதைக்கப்பட்டன. மழையில்லா நிலத்திலும் தழைக்கும் இம்மரம் ஏழைகளின் அடுப்புக்கு விறகும், மூட்டத்திற்குக் கரியும் ஈந்தது உண்மை. ஆயினும் அதன் நெற்று இனிப்புடையது. ஆடும் மாடும் அதனை விரும்பித் தின்று, சாணத்தோடு விதையைச் செல்லுமிடமெல்லாம் இடுகின்றன. வேலிக்கு வைத்த மரம் வேலியைக் கடந்து நிலத்தைக் கொண்டது.

பார்த்தீனியம் அமெரிக்க நாட்டுச் செடி. 1950களில் புனா நகரில் முதலில் கண்டறியப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவிற்று. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கவல்லது. அதனைத் தீண்டுவோரிற் பலர்க்குத் தோலில் அரிப்பும், அதன் மகரந்தத்தால் மூச்சுத்திணறலும் உண்டாகின்றன. ஆகாயத்தாமரையோ கழிவுநீர் கலக்கும் ஏரிகளைத் தேடிப் பிடிப்பது. உணவு மிக்க நீரில் இரண்டொரு வாரத்தில் இருமடங்காகும் இயல்பினது.

சைதாப்பேட்டைக் கள்ளி

இவ்விடத்தில் ஒரு பழைய வரலாற்றை அறிதல் பயன்தரும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கும்பினியாரின் தலைமை மருத்துவராயிருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார் சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டம் ஒன்றை நிறுவினார். கள்ளியில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து விலையுயர்ந்த செஞ்சாயம் எடுக்கலாம் என்பது அவர் எண்ணம். 1795ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து இந்தியாவிற்கு வந்த பூச்சியோ உயர்ந்த சாயப்பூச்சி அன்று. அதனை ஒத்த காட்டுப்பூச்சி. சாயத்தொழில் கைகூடவில்லை, எனினும் அப்பூச்சி கள்ளியில் ஓரினத்தை அழிக்கவல்லது என்னும் உண்மை விளங்கிற்று.

மற்றோரினக் கள்ளி அப்பூச்சிக்கு மசியாமல் தென்னாட்டின் மேய்ச்சல் நிலங்களையும் தோட்டக்கால்களையும் அடைத்துக்கொண்டது. 1926ஆம் ஆண்டில் அதற்குரிய வேறொரு பூச்சி இலங்கையிலிருந்து கொணரப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் கள்ளிக்காடுகள் வாடி வீழ்ந்து, பெரும்பரப்பான நிலம் மீண்டது. அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து நாட்டில் அரசினர் கள்ளியை உண்ணும் அந்துப்பூச்சியின் முட்டைகளைக் கோடிக்கணக்கில் வளர்த்து நிலமுடையார்க்கு வழங்கினர். கள்ளி ஒழிந்தபின் பூனார்கா என்னும் ஊரார் 1936இல் தாம் கட்டிய பொதுமண்டபத்திற்கு அப்பூச்சியின் பெயரையே சூட்டினர்.

இவ்விரு வெற்றிக்கும் காரணம் யாது? பூச்சிக்குப் பட்டா எல்லை இல்லை. செல்வர் நிலமென்றும் எளியவர் நிலமென்றும், புறம்போக்கென்றும் அது வேறுபாடு காட்டுவதில்லை. சீமைக் கருவேலத்தை அவ்வாறு அடியோடு அழிக்கும் பூச்சி நமக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆதலின் பூச்சி செய்த வேலையை மக்களே, எல்லை பாராமல், ஒருங்கே செய்தல் வேண்டும்.

சட்டமும் அதன் குறையும்

சென்னை மாகாணத்தில் 1919ஆம் ஆண்டிலேயே பயிர்ப்பூச்சி, பயிர்நோய், தீங்குபயக்கும் களை ஆகியவற்றைத் தடுக்கச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அரசினர் ஒரு செடியைத் தீங்குபயக்கும் களையென அறிவிப்பராயின், அறிவிக்கப்பட்ட பகுதியில் நிலத்தை அனுபவிப்பவர் அதனை நீக்கக் கடமைப்பட்டவராவர். நீக்காவிடின் அதிகாரிகளே நீக்கி, செலவை அவரிடம் பெறலாம். கர்நாடகத்தில் இத்தகைய சட்டத்தின்கீழ் 1975ஆம் ஆண்டில் பார்த்தீனியம் தீக்களை என அறிவிக்கப்பட்டது. ஆயினும் அச்செடி அங்கே ஒழிந்தபாடில்லை.

சட்டம் கடமையைத் தனித்தனியே பங்கிடுகிறது. செடியோ கூட்டமாக வருகிறது என்பதே இதன் காரணம். அரைக்காணி நிலமுடைய ஒருவர் கடன்பட்டு மண்வெட்டும் எந்திரம் அமர்த்தித் தம் நிலத்தைத் திருத்துகிறார் என்று கொள்வோம். அடுத்த நிலத்துக்காரர் வெளியூரிலிருப்பவர், அதற்கடுத்தது ஏரிப்புறம்போக்கு. இரண்டிலும் முள்மரம் நிற்கிறது. மறு ஆண்டே திருத்திய நிலத்தில் கன்றுகள் முளைக்கின்றன. கடமையைச் செய்தவரே நட்டமடைகிறார். இந்நிலையில் அவரைத் தண்டிப்பதாற் பயனில்லை. அவர்க்குத் துணைநிற்பதே பயன்.

2017ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றும் பணியை முடுக்கிற்று. அவ்வாண்டிலேயே மற்றோர் அமர்வு, இதன் விளைவுகளை அறிஞர் ஆராய வேண்டுமெனக் கருதி அப்பணியை இடையில் நிறுத்திவைத்தது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு அயல்நாட்டு ஆக்கிரமிப்புச் செடிகளை நீக்கி இயற்கையை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. விரைந்து வெட்டுதல் மட்டும் போதாது, வெட்டியபின் செய்வதையும் எண்ணவேண்டும் என்பதே இவற்றால் நாம் பெறும் பாடம்.

துணை எத்தகையதாதல் வேண்டும்

தாம்பரம், பல்லாவரம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் முதலிய ஊர்கள் முன்னாளில் ஏரிப்பாசனமுடைய உழவூர்கள். 2021ஆம் ஆண்டில் இவை தாம்பரம் மாநகராட்சியாக ஒன்றுபட்டன. வயல்கள் மனைகளாயின, விலை உயரட்டும் என்று வெறுமையாய் விடப்பட்ட மனைகளோ களைகளுக்கு நாற்றங்காலாயின. இங்கே துணை நான்கு வகையாக அமைதல் நலம்.

முதலாவது, அறிவு. நாட்டுக் கருவேலத்தைச் சீமைக் கருவேலமென்று மயங்கி வெட்டுவோர் உளர். நாட்டு மரத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணிகோத்தாற்போல் இடையிடையே சுருங்கியிருக்கும். சீமை மரத்தின் பூ நீண்ட கதிர்; காய் நீண்டு வெளிர்மஞ்சள் நிறமாயிருக்கும். இவ்வேறுபாட்டை மாணவர் சிலர் கற்று ஊரார்க்குக் காட்டினாலே பெருநன்மை. கட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையமும் வேளாண்மை விரிவாக்க மையங்களும் இத்தகைய செய்திகளில் வழிகாட்டத்தக்கவை.

இரண்டாவது, கருவி. தரைமட்டத்தில் வெட்டிய சீமைக் கருவேலம் அடிமரத்திலிருந்து பல கிளைகளாய் மீண்டும் வெடிக்கும். விறகுக்கு வெட்டுவோர் வேரை விட்டுச் செல்வது இதனாற் கேடாகிறது. ஆதலின் விறகை விற்கும்போதே வேரோடு தோண்டுதலை உடன்படிக்கையாகக் கொள்ளுதல் வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை நிலந்திருத்தும் எந்திரங்களை உழவர்க்கு வாடகைக்குத் தருகிறது. அடுத்தடுத்த நிலத்தார் பத்துப்பேர் கூடி ஒருங்கே கேட்பின், எந்திரம் வந்துபோகும் செலவு பத்தில் ஒன்றாகும்.

மூன்றாவது, காலம். வடகிழக்குப் பருவமழைக்குப்பின் மண் நெகிழ்ந்திருக்கும் தை மாசி மாதங்கள் வேர் தோண்ட ஏற்றவை. பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறையணிந்து பிடுங்கவேண்டும். பயிரிடாத இடங்களில் லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் சிறிது சோப்புக் கரைசலும் சேர்த்துத் தெளிப்பதும் உண்டு. உப்பு மண்ணைக் கெடுக்குமாதலின் தோட்டத்திற்கு இம்முறை ஆகாது. மண்ணிற் கிடக்கும் விதை பல்லாண்டு உயிரோடிருப்பதால் ஒருமுறை நீக்கி ஓய்தல் கூடாது. ஆண்டுதோறும் கன்றுகளைப் பறித்தல் வேண்டும்.

நான்காவது, மாற்றுப்பயிர். வெற்றுநிலம் களையை அழைக்கும். வேம்பு, புங்கு, நாவல், இலுப்பை முதலியன இம்மண்ணுக்கு உரியவை. 1937ஆம் ஆண்டில் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்திற்குப் பெயர்ந்தபோது அமைந்த 365 ஏக்கர் வளாகத்தில் காக்கப்பட்டுவரும் காடே, நம் நாட்டுச் செடிகளும் இவ்வறண்ட மண்ணை நன்கு போர்த்தவல்லன என்பதற்குச் சான்றாகும்.

முடிவுரை

ஏரியைப் பாதுகாக்க வீட்டுக்கு ஓராள் வந்து உழைக்கும் குடிமராமத்து முறையை நம் முன்னோர் கைக்கொண்டிருந்தனர். ஏரி ஒருவர் உடைமையன்று. அதன் நீர் அனைவர்க்கும் உரியது என்பது அம்முறையின் கருத்து. களையின் விதையும் அவ்வாறே அனைவர் நிலத்திற்கும் உரியதாய்ப் பறக்கின்றது. ஆகையால் நிலம் தனித்தனியே உடையதாயினும், களைபறித்தல் பொதுவாதல் வேண்டும். நிலமுடையார் தம் கடமையை உணர்க. ஊராட்சியும் மாநகராட்சியும் தம் புறம்போக்கில் நிற்கும் முள்மரத்தை முதலில் நீக்கிப் பின்னர் குடிகளை ஏவுக. கல்வி பெறும் இளைஞர் விடுமுறை நாளொன்றில் தம் தெருவிலுள்ள வெறுமனையொன்றைச் சுத்தஞ்செய்து தொடங்குக. அடுத்த மனையும் அதன் பயனைப் பெறும்.