மரப்பட்டையில் தோன்றும் எழுத்துப் பாசி

ஆனைமலை, நீலகிரி முதலிய மலைச்சாரல்களில் மழைக்காடுகளையடுத்துத் தோட்டம் வைத்திருப்போர், பலா, கமுகு முதலியவற்றின் அடிமரத்தில் சாம்பல் கலந்த வெண்திட்டுக்களைக் கண்டிருப்பார்கள். உற்று நோக்கின், பனையேட்டில் எழுத்தாணியால் கீறி மை தடவியதுபோல், அத்திட்டுக்களின்மீது கரிய கோடுகள் வளைந்தும் கிளைத்தும் காணப்படும். இதனை மரத்தைக் கொல்லும் வியாதியென்றெண்ணிச் சிலர் அரிவாளால் பட்டையைச் சுரண்டி விடுகின்றனர். அது வீண் வேலை மட்டுமன்று, கேடும் விளைப்பது.

இது லைக்கன் என்னும் வகுப்பைச் சேர்ந்தது. மசாலைச் சாமான்களுடன் விற்கப்படும் கல்பாசியும் அவ்வகுப்பினதே. கோடுகளை முன்னிட்டு இதற்குச் சாஸ்திரிகள் இட்ட பெயர் ‘கிராபிஸ்’. எழுதுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் வந்தது. லைக்கன் ஒரு தனித் தாவரமன்று. பூசணமொன்றும் பாசியொன்றும் கூடி நடத்தும் கூட்டுக் குடித்தனமாகும். இவ்வுண்மையை 1867-ல் சுவிட்சர்லாந்து தேசத்துச் சைமன் ஷ்வெண்டனர் என்பார் வெளியிட்டார். பாசி, வெளிச்சத்தைக் கொண்டு ஆகாரம் தயாரிக்கிறது. பூசணம் அதற்கு உறைவிடமளிக்கிறது. கரிய கோடுகள், பூசணத்தின் வித்துக்கள் உண்டாகும் பிளவுகளே. ஆகவே இது மரத்தின் சாற்றை உண்டு பிழைப்பதன்று. பட்டை இதற்குத் தங்குமிடம் மாத்திரமே.

நலிந்த மரத்தில் லைக்கன்கள் மிகுந்திருப்பதுண்டு. இலையுதிர்ந்த மரத்தின் தண்டில் வெளிச்சம் அதிகமாக விழுவதே அதற்குக் காரணம். நலிவின் மூலத்தை வேரிலும், தேங்கிய நீரிலும், எருக்குறைவிலும் தேடவேண்டும்.

அஞ்சத்தக்க வியாதி வேறொன்றுண்டு. மழைக்காலத்தில் பலா, ஆரஞ்சு, ரப்பர் முதலிய மரங்களின் கிளைக் கவட்டில் சிலந்தி நூல்போன்ற வெண்மை முதலில் தோன்றி, பின்னர் இளஞ்சிவப்புப் படலமாக மாறும். பட்டை வெடிக்கும்; அதற்கு மேலுள்ள இலைகள் வாடும். அதில் கரிய எழுத்துக் கோடுகள் இரா. இதுவே இளஞ்சிவப்பு நோய். வாடிய கிளையை நோய்கண்ட இடத்திற்குக் கீழே வெட்டி எரித்துவிட்டு, வெட்டுவாயில் போர்டோ பசை தடவவேண்டும். மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது அதன் அளவு. இரும்புப் பாத்திரம் உபயோகிக்கலாகாது.

எழுத்துப் பாசிக்கு மருந்து வேண்டுவதில்லை. அதைச் சுரண்டினால் உண்டாகும் காயத்தின் வழியாகவே மெய்யான வியாதிகள் உட்புகும். கோடுகளைக் கண்டால் மரத்தை அப்படியே விட்டுவிடுக. இளஞ்சிவப்பைக் கண்டால் தாமதியாதிருக்க. இவ்வேற்றுமையைக் கிராம அதிகாரிகள் தத்தம் ஊரார்க்கு மரத்தருகே நின்று காட்டி விளக்குவார்களாக.