கித்தார் பிக்: எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பிக் வாங்கப் போனால் நிறத்தில் மயங்காதீர்கள். அதன்மேல் அச்சிட்டிருக்கும் மில்லிமீட்டர் எண்ணைப் பாருங்கள். தேவாலயத்திலோ வீட்டு விசேஷத்திலோ பாட்டுக்குத் துணையாகக் கோர்டு வாசிப்பவருக்கு 0.46 முதல் 0.60 வரை போதும். மெல்லிய பிக் வளைந்துகொடுக்கும். ஆறு கம்பிகளும் இதமாக ஒலிக்கும். தனித்தனிச் சுரமாக வாசிப்பவருக்கோ அந்த வளைவே தொல்லை. பிக் நிமிர்வதற்குள் அடுத்த சுரம் பிந்திவிடும். அவருக்கு 1.0 அல்லது அதைவிடத் தடிப்பானது ஏற்றது. ராகம் பழகுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

இரண்டும் கலந்து வாசிப்பவர் 0.73-இல் தொடங்கலாம். வாங்குமுன் சோதிக்க வேண்டுமா? காலாவதியான வங்கி அட்டையின் தடிமன் ஏறக்குறைய 0.76 மில்லிமீட்டர். பிக் வடிவில் வெட்டி, ஓரத்தை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். தடுமாறினால் மெல்லியதற்கு, குழைந்தால் தடிப்பானதற்கு மாறுங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் வியர்க்கும். வழவழப்பான பிக் நழுவும். பிடிக்கும் இடம் சொரசொரப்பாக உள்ள நைலான் பிக்கைத் தேடி எடுங்கள். முனை ஒருபக்கம் தேய்ந்து கம்பியில் உரசல் ஒலி கேட்டால், உடனே மாற்றிவிடுங்கள்.