ஒரே சாலையில் கோயிம்ப்ராவும் பாத்திமாவும்

போர்ச்சுகல் போகும் நம்மவர்கள் லிஸ்பனில் இறங்கி, லிஸ்பனிலேயே அறை எடுத்துத் தங்கி, அங்கிருந்து ஒரு நாள் தனிக் கார் பிடித்து பாத்திமா மாதா கோயிலையும் கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தையும் பார்த்துவிட்டு இரவே திரும்புகிறார்கள். பயண முகவர்கள் விற்பதும் பெரும்பாலும் இந்தத் திட்டத்தைத்தான். கோயிம்ப்ரா லிஸ்பனுக்கு வடக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் இருக்கிறது. போக வர 400. பாத்திமா நடுவழியில். கணக்குப் போட்டுப் பார்த்தால், பகலில் பாதி காருக்குள்ளேயே கழிந்துவிடும்.

எங்கள் திட்டத்தில் போர்ட்டோவும் இருந்தது. போர்ட்டோவிலிருந்து லிஸ்பனுக்கு எப்படியும் ஒரு நாள் பெட்டி படுக்கையோடு மாறித்தான் ஆக வேண்டும். வரைபடத்தைப் பார்த்தால், இரண்டு நகரங்களையும் இணைக்கும் ஏ1 நெடுஞ்சாலை கோயிம்ப்ராவையும் பாத்திமாவையும் உரசிக்கொண்டுதான் போகிறது. போர்ட்டோவிலிருந்து கோயிம்ப்ரா சுமார் 120 கிலோமீட்டர், அங்கிருந்து பாத்திமா 90-க்குள், பாத்திமாவிலிருந்து லிஸ்பன் 125 அல்லது 130. சுற்றுவழி என்று ஒன்றும் கிடையாது. ஆகவே ஊர் மாறும் நாளையே சுற்றுலா நாளாக்கிக்கொண்டோம். இந்த ஊர்களுக்குப் போக நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: லிஸ்பனில் தொடங்கி லிஸ்பனில் முடிக்காதீர்கள். ஒரு ஊரில் ஏறி இன்னொரு ஊரில் இறங்குங்கள்.

ரயிலில் போகலாமே என்பார்கள். கோயிம்ப்ராவுக்குப் போகலாம், நல்ல ரயில்கள் இருக்கின்றன. பாத்திமாவுக்கு ரயில் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்தப் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது, ஆனால் திருத்தலத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி. பேருந்து கோயில் அருகிலேயே விடும். தனியாகப் போகும் இளைஞருக்கு அது போதும். அம்மாவும் சித்தியும் எழுபதைத் தாண்டியவர்கள், இருவருக்கும் முழங்கால் வலி, கூடவே நான்கு பெட்டிகள். தனி வண்டிக்குக் கொடுத்த காசு எங்களுக்கு வீண் இல்லை.

வண்டி பேசும்போது விலையை விட முக்கியமாகக் கேட்க வேண்டியவை சில. எத்தனை மணி நேரத்துக்கு அந்த விலை, அதற்கு மேல் போனால் மணிக்கு எவ்வளவு? சுங்கக் கட்டணம் உள்ளடக்கமா? ஏ1-இல் சுங்கம் உண்டு, கணிசமாகவே வரும். பெட்டிகள் எத்தனை, என்ன அளவு என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். நான்கு பேர் உட்காரும் வண்டியில் நான்கு பெரிய பெட்டிகள் பெரும்பாலும் ஏறாது. ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு என்பதும் நினைவிருக்கட்டும். ஓட்டுநர் வழியெல்லாம் கதை சொல்வார், பார்க்கும் இடங்களுக்குள் வந்து விளக்கமாட்டார். எங்களுக்கு அது குறையாகப் படவில்லை. எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டோம்.

ஒரு முகவர் இதே விலைக்கு பட்டாலியா மடம், தொமார் கோட்டை, நசாரே கடற்கரை எல்லாம் சேர்த்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவை நல்ல இடங்கள்தான். ஆனால் ஒரே நாளில் ஐந்து இடம் என்றால், ஒவ்வோர் இடத்திலும் படம் எடுத்துக்கொண்டு கழிப்பறையைத் தேடவே நேரம் சரியாக இருக்கும்.

இந்த நாளின் வரிசையும் முக்கியம். காலையில் கோயிம்ப்ரா, மாலையில் பாத்திமா. மாற்றிப் போடக்கூடாது. கோயிம்ப்ராவில் நேரம் குறித்த நுழைவுச் சீட்டு. பாத்திமாவில் சீட்டே கிடையாது, திருத்தலத்தின் திறந்தவெளிக்கு இரவிலும் போகலாம், அதன் உயிரே இரவில்தான் இருக்கிறது.

கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தை 1290-இல் மன்னர் தினிஸ் லிஸ்பனில் நிறுவினார். அது பலமுறை இடம் மாறி, 1537-இல் மூன்றாம் ஜோவான் காலத்தில் இங்கே நிலைத்தது. குன்றின் உச்சியில் அரசர்கள் வாழ்ந்த அரண்மனைதான் பல்கலைக்கழகம் ஆயிற்று. 2013-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. எல்லோரும் வருவது ஜோவானினா நூலகத்துக்காக. ஐந்தாம் ஜோவான் மன்னர், பிரேசிலில் இருந்து தங்கம் வந்து குவிந்துகொண்டிருந்த காலத்தில், 1717-இல் தொடங்கிப் பதினோரு ஆண்டுகளில் கட்டி முடித்தது. மூன்று கூடங்கள், பச்சை, சிவப்பு, கருமை நிற அரக்குப் பூச்சின் மேல் பொன் வேலைப்பாடு. ஏணிகள் அலமாரிகளுக்கு நடுவே செருகி வைத்திருப்பதால் வெளியே தெரியாது. சுவர்கள் இரண்டு மீட்டருக்கும் மேல் தடிமன். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சிதான்.

சித்திக்கு இதில் பிடித்தது வௌவால்கள். பழைய புத்தகங்களுக்கு எதிரி பூச்சி. அந்தப் பூச்சியைத் தின்ன ஒரு சிறு வௌவால் கூட்டம் அலமாரிகளின் பின்னால் குடியிருக்கிறது, யாரும் துரத்துவதில்லை. இரவில் அவை பறக்கும்போது எச்சம் விழுமே என்று மாலையில் மேசைகளின் மேல் தோல் விரிப்பைப் போட்டு மூடி, காலையில் எடுத்துத் துடைக்கிறார்கள். "சம்பளமில்லாத வேலைக்காரங்க" என்றாள் சித்தி. அதைக் கேட்டபின் அந்தப் பொன் வேலைப்பாட்டை அவள் அவ்வளவாகப் பார்க்கவில்லை, தலையை அண்ணாந்து மூலைமுடுக்கெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள். பகலில் ஒன்றும் கண்ணில் படாது.

சீட்டில் போட்டிருக்கும் நேரம் நூலகத்துக்கு மட்டும்தான். கீழ்த்தளத்தில் மாணவர்களை அடைத்துவைத்த பழைய சிறை இருக்கிறது. அந்த வழியாக விட்டு, குழுவாக மேலே அனுப்புகிறார்கள். மேல்கூடத்தில் சில நிமிடங்களே நிற்கலாம். தாமதமாகப் போனால் அந்த நிமிடங்களும் போய்விடும். ஆகவே போர்ட்டோவில் புறப்படும் நேரத்தைச் சீட்டில் உள்ள நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள், நடுவில் ஒன்றரை மணி நேர ஓட்டத்தோடு அரை மணி கூட்டி வையுங்கள். சிற்றாலயம், முனைவர் பட்டத் தேர்வுகள் நடக்கும் பெரிய மண்டபம் ஆகியவற்றை எந்த வரிசையிலும் பார்க்கலாம். விழா இருந்தால் மண்டபத்தை மூடிவிடுவார்கள். கோபுரம் ஏறத் தனிச் சீட்டு. குறுகிய சுழல்படி. முழங்கால் வலிக்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்; முற்றத்தின் விளிம்பில் நின்றாலே கீழே மொந்தேகு ஆறும் பாலமும் தெரியும்.

வயதானவர்களோடு போகிறவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது: ஓட்டுநரிடம் உச்சியில், பல்கலைக்கழக வாசலருகே இறக்கிவிடச் சொல்லுங்கள். பார்த்து முடித்துவிட்டு நகரத்தின் வழியே இறங்கி நடந்து, கீழே ஆற்றங்கரையில் போர்த்தாஜெம் சதுக்கத்தருகே வண்டி ஏறலாம். ஏற்றத்தில் நடந்தால் முழங்கால் தாங்காது. இறக்கத்திலும் கவனம் வேண்டும், அந்தச் சிறு கல் பாவிய தரை பல காலம் நடந்து நடந்து வழுவழுப்பாகிவிட்டது, மழை பெய்தால் சறுக்கும். நடக்கவே முடியாதென்றால் கூச்சப்படாமல் உச்சியிலேயே திரும்ப ஏறிக்கொள்ளுங்கள். நடப்பவர்களுக்கு வழியில் 12-ஆம் நூற்றாண்டின் பழைய பேராலயம், கோட்டை போன்ற கற்சுவர்களோடு. கீழே வந்தால் சாந்தா குரூஸ் மடத்துக் கோயிலில் போர்ச்சுகலின் முதல் மன்னர் அபோன்சு என்ரிக்கெஸின் கல்லறை.

எங்களுக்கு இந்த ஊரில் இன்னொரு வேலையும் இருந்தது. அம்மா பிறந்தது தூத்துக்குடி. தம்பிரான் வணக்கத்தை 1578-இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சிட்ட அன்றிக் அடிகளார் என்ற என்ரிக்கே என்ரிக்கெஸ், முத்துக்குளித்துறைக்கு வருமுன் படித்ததும் சேசு சபையில் சேர்ந்ததும் கோயிம்ப்ராவில்தான். 1693-இல் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த அருளானந்தரும் இங்கே படித்தவர். சேசு சபைக் கல்லூரியின் கோயில்தான் இன்றைய புதிய பேராலயம். 1759-இல் சபையைப் போர்ச்சுகலில் இருந்து விரட்டியபின் அது மறைமாவட்டத்தின் கைக்கு வந்தது. பல்கலைக்கழக முற்றத்திலிருந்து சில நிமிட நடை. வழிகாட்டி நூல்களில் இரண்டு வரிதான் இருக்கும், கூட்டம் குறைவு. நம் ஊர்க்காரர்கள் அங்கே கால் மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டு வரவேண்டும்.

சாப்பாடு: மதியம் பன்னிரண்டரைக்கு மேல் உணவகங்கள் திறக்கும், மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிடும் கடைகள் நிறைய. உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசம் இல்லை, தொட்டால் பில்லில் வரும். வேண்டாமென்றால் எடுத்துப்போகச் சொல்லலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். அரிசிக்கு ஏங்குபவர்கள் அரோஸ் டி மரிஸ்கோ கேளுங்கள். இறால், நண்டு, சிப்பி போட்டுக் குழைவாக வேகவைத்த சோறு. இந்த வட்டாரம் பால்குடி மறவாத பன்றிக்குட்டி வறுவலுக்குப் பேர்போனது. சைவக்காரர்கள் பச்சைக்கீரை சூப்பிலும் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

புறப்படுமுன் ஓட்டுநரிடம் சொல்லி ஒரு சின்ன நிறுத்தம் போட்டோம்: புனித தெரேசா கார்மெல் மடம். 1917-இல் பாத்திமாவில் மாதாவைக் கண்ட மூன்று பிள்ளைகளில் மூத்தவரான லூசியா 1948 முதல் 2005-இல் இறக்கும்வரை இங்கேதான் அடைபட்ட கன்னியர் வாழ்வில் இருந்தார். இறந்தபோது வயது 97. மடத்தை ஒட்டி அவர் நினைவாகச் சிறு காட்சியகம் வைத்திருக்கிறார்கள். கோயிம்ப்ராவையும் பாத்திமாவையும் ஒரே நாளில் சேர்ப்பது வசதிக்காக மட்டுமில்லை என்பது இங்கே வந்தால்தான் புரிகிறது. பெரும்பாலான முகவர்கள் இதைத் திட்டத்தில் சேர்ப்பதே இல்லை. நீங்களாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாத்திமாவுக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டோம். முதல் பார்வையில் ஏமாற்றம் தரும் ஊர். சுற்றிலும் ஓட்டல்கள், செபமாலைக் கடைகள், நடுவே பிரம்மாண்டமான திறந்தவெளி. 1917 மே 13-இல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த லூசியா, பிரான்சிஸ்கு, ஜசிந்தா மூவரும் காட்சி கண்ட கோவா டா இரியா இதுதான். காட்சிகள் அக்டோபர் 13 வரை தொடர்ந்தன. ஆகஸ்டில் மட்டும் பிள்ளைகளை அதிகாரி பிடித்து வைத்ததால், காட்சி 19-ஆம் தேதி வேறிடத்தில் நடந்ததாகச் சொல்கிறார்கள். பிரான்சிஸ்கு 1919-இலும் ஜசிந்தா 1920-இலும் விஷக்காய்ச்சல் தொற்றின் பின்விளைவால் இறந்தார்கள். 2017 மே 13-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இங்கேயே வந்து இருவருக்கும் புனிதர் பட்டம் கொடுத்தார். மூவரும் செபமாலை மாதா பசிலிக்காவுக்குள் அடக்கம்: ஜசிந்தாவும் லூசியாவும் ஒரு பக்கம், பிரான்சிஸ்கு எதிர்ப்பக்கம். எதிர்முனையில் 2007-இல் திறந்த மூவொரு இறைவன் பசிலிக்காவில் எட்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். பெரியது, அவ்வளவுதான். எனக்கு ஒட்டவில்லை.

நேரத்தை அங்கே செலவழிக்காமல் காட்சிச் சிற்றாலயத்தின் பக்கம் உட்காருங்கள். வெளியின் சரிவிலிருந்து சிற்றாலயம்வரை வழவழப்பான கற்பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். நேர்ச்சைக்காரர்கள் அதில் முழங்காலிலேயே போகிறார்கள், சிலர் முட்டுக்கு உறை கட்டிக்கொண்டு, சிலர் வெறுமனே. எங்களுக்கு முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனாள். கணவன் பக்கத்தில் நடந்தபடி அவள் கையைப் பிடித்திருந்தான். படம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சிற்றாலயத்தை ஒட்டி மெழுகுவர்த்தி எரிக்கும் இடம். வேளாங்கண்ணி பார்த்த கண்களுக்கு அது புதிதில்லை, ஆனால் அந்தச் சூடு புதிது. கம்பி வரிசைகளில் நட்டுவைத்த மெழுகுவர்த்திகள் எரிந்து முடிவதற்குள்ளேயே வெக்கையில் வளைந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, கீழே உருகி ஓடும் மெழுகில் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஆளுயர மெழுகுவர்த்தியை ஏந்தி வருகிறார்கள். மெழுகில் செய்த கை, கால், தலை, இதயம், குழந்தை உருவமும் வாங்கி அந்த நெருப்பில் போடுகிறார்கள்.

"ஏட்டி, இங்கயும் கை கால் விக்காங்க பாரு" என்றாள் அம்மா.

"நம்ம ஊர்ல வெள்ளியில. இங்க மெழுகுல, அம்புட்டுதான்" என்றாள் சித்தி. இருவரும் ஆளுக்கு ஒரு மெழுகு முழங்காலை வாங்கிக்கொண்டார்கள்.

இரவுப் பவனிக்கு இருங்கள். ஈஸ்டர் தொடங்கி அக்டோபர் வரை இரவு 9.30-க்குச் செபமாலை, அதன்பின் மெழுகுவர்த்திப் பவனி. செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிகளையும் வெவ்வேறு மொழியில் சொல்கிறார்கள். நம் வாயில் தமிழ் மங்கள வார்த்தை செபம்தான் வரும், பக்கத்திலிருப்பவருக்கு அது தொந்தரவில்லை. 'ஆவே மரியா' வரும்போது எல்லோரும் மெழுகுவர்த்தியை உயர்த்துகிறார்கள். அது முடிந்து லிஸ்பன் சேர நள்ளிரவு நெருங்கிவிடும். ஆகவே வண்டி பேசும்போதே இரவுக் காத்திருப்பைச் சொல்லிவிடுங்கள். காலை ஏழு மணிக்கே கிளம்பிய ஓட்டுநரை இரவு பதினொன்றுக்கும் ஓட்டச் சொல்வது அவருக்கும் நமக்கும் ஆபத்து. அதனால் நாங்கள் காலை ஒன்பதரைக்குப் பிறகுதான் போர்ட்டோவை விட்டுக் கிளம்பினோம். அதுவும் முடியாதென்றால் பாத்திமாவிலேயே இரவு தங்கி, மறுநாள் பேருந்தில் லிஸ்பன் போகலாம். மே முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு மாதமும் 12, 13 தேதிகளில் மட்டும் முன்பதிவில்லாமல் போகாதீர்கள்.

மேட்டு நிலம் என்பதால் கோடையிலும் இரவில் குளிர்காற்று வீசும். ஸ்வெட்டர் பெட்டியின் அடியில் இருக்கக்கூடாது, கையிலேயே இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் மருந்தும் அப்படித்தான், வண்டியில் விட்டுப்போக வேண்டாம். நாள் முடிவானதும் முதலில் ஜோவானினா நூலகச் சீட்டை இணையத்தில் எடுத்துவிடுங்கள், வண்டியை அதன்பின் பேசலாம்.