தொழில்தருநர் வழங்கும் குழு மருத்துவக் காப்புறுதி

பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது என்றதும் வீட்டில் எழும் முதற் கேள்வி, சம்பளம் எவ்வளவு என்பதே. பின்னர் ஈ.பி.எப். உண்டா, தங்குமிடம் உண்டா என்று விசாரிப்போம். மருத்துவக் காப்புறுதி உண்டா, அதில் யார் யார் அடங்குவர் என்று கேட்போர் மிகச் சிலர். ஆஸ்பத்திரி இலவசந்தானே என்ற எண்ணமே இதற்குக் காரணம். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பது இந்நாட்டு மக்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆயினும், ஸ்கான் பரிசோதனைக்குக் காத்திருக்க முடியாதபோதும், எழுதிக் கொடுத்த மருந்து உள்ளே இல்லாதபோதும் வெளியே பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2022ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய வேளைகளில் பெரும்பாலும் தாயின் சங்கிலிதான் அடகுக்குப் போகிறது.

காப்புறுதி எமக்குப் புதிய விடயமன்று. எமது கிராமங்களின் மரணாதாரச் சங்கங்களை எடுத்துக்கொள்வோம். எல்லாரும் மாதாமாதம் சிறு தொகை கட்டுகிறோம். சாவு விழுந்த வீட்டுக்கு அது உதவுகிறது. ஆனால், படுக்கையில் கிடப்போரைக் கொண்ட வீடுகள் மட்டும் சங்கத்திற் சேர்ந்தால் அது எத்தனை மாதம் நிலைக்கும்?

இதைக் கணக்காகப் பார்ப்போம். 200 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வருடத்திற்குப் 10 பேர் வைத்தியசாலையிற் சேர்க்கப்படுகிறார்கள், ஒருவருக்கு 50,000 ரூபா செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5 இலட்சம். 200 பேரும் பகிர்ந்தால் தலைக்கு வருடத்திற்கு 2,500 ரூபா. இனி, விரும்பியவர் சேரலாம் என்று விட்டால் என்ன நடக்கும்? திடகாத்திரமானவர்கள் 150 பேர் ஒதுங்கிவிடுவார்கள். நோய்ப்படக்கூடிய மற்ற 50 பேர்மீதும் தலைக்கு 10,000 ரூபா விழும். அதைக் கட்ட முடியாமல் அவர்களிலும் சிலர் விலக, எஞ்சியோரின் பாரம் இன்னும் கூடும். தனியாளாகக் காப்புறுதி எடுக்கச் செல்பவரிடம் கம்பனிகள் வயதையும் சலரோகத்தையும் பிரஷரையும் துருவிக் கேட்பது இந்தப் பயத்தினாலேயே. தொழிலிடத்தில் எல்லாரையும் ஒன்றாகச் சேர்க்கும்போது அப்பயம் குறைகிறது; கட்டணமும் குறைகிறது. தனியாகப் போயிருந்தால் மறுக்கப்பட்டிருக்கக்கூடிய சலரோக நோயாளியும் பல குழுத் திட்டங்களில் இடம் பெறுகிறார். எனது கருத்தின்படி குழுக் காப்புறுதியின் முதன்மையான நன்மை இதுவே. கட்டணம் மலிவாயிருப்பது அதற்கு அடுத்ததுதான்.

1929இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இம்முறை துலக்கமாகத் தெரிந்தது. அங்குள்ள பேலர் வைத்தியசாலை, நகரின் பாடசாலை ஆசிரியர்களைக் குழுவாகச் சேர்த்தது. மாதம் 50 சதம் கட்டுபவருக்கு வருடத்தில் 21 நாட்கள் வைத்தியசாலைப் பராமரிப்புக் கிடைத்தது. புளூ குரொஸ் எனப்படும் பெரிய காப்புறுதி அமைப்புகள் இதிலிருந்தே வளர்ந்தன. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அங்கு சம்பள உயர்வைச் சட்டம் கட்டுப்படுத்தியது. ஆட்களைப் பிடித்து வைத்திருக்கத் தொழில்தருநர்கள் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்புறுதியை நீட்டினார்கள். நன்மை பரவியது, கூடவே ஒரு சிக்கலும் வந்தது. வேலை போனால் காப்புறுதியும் போய்விடும். நோய் முற்றி வேலையை இழந்தவனுக்கு, மிக வேண்டிய நேரத்திலேயே அது இல்லாமற் போகிறது. இதைத் தணிக்க 1985ஆம் ஆண்டின் சட்டமொன்று வரையப்பட்டது. அதன்படி வேலையை இழந்தவர், முழுக் கட்டணத்தையும் தாமே செலுத்தி, பொதுவாக 18 மாதங்கள் வரை குழுவில் நீடிக்கலாம். சம்பளமில்லாதவன் முழுக் கட்டணத்தையும் எங்ஙனம் கட்டுவான் என்பது வேறு கேள்வி!

எமது நாட்டில் அரச ஊழியருக்கு அக்ரஹார திட்டம் உண்டு. சம்பளத்திலிருந்து சிறு தொகை கழிக்கப்படுகிறது; தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. தனியார் துறையில் இது தொழில்தருநரின் விருப்பத்தைப் பொறுத்தது. ஆனால் தனியார் துறையில் இருப்போர் பலர் அறியாத ஒன்று உண்டு. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, அதாவது ஈ.டி.எப்.க்கு, தொழில்தருநர் சம்பளத்தின் 3 சதவீதத்தைத் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். அதை ஊழியரின் சம்பளத்தில் வெட்ட முடியாது. வேலையை விட்டபின் எடுக்கும் பணம் என்றே இதைப் பலர் நினைக்கிறார்கள். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, கண்வில்லை பொருத்துதல் ஆகியவற்றுக்கும் அங்கத்தவர் இந்நிதியத்திடம் உதவி கோரலாம். மரணத்துக்கும் நிரந்தர அங்கவீனத்துக்கும் கொடுப்பனவு உண்டு. தொழில்தருநர் பணத்தை ஒழுங்காகக் கட்டியிருப்பது இதற்கு அவசியம். ஆகவே அதை இடைக்கிடை விசாரித்துக்கொள்வது நல்லது.

தொழில்தருநருக்கும் குழுக் காப்புறுதியால் இலாபமுண்டு. நோயை ஆரம்பத்திலேயே பார்த்துக்கொள்பவர் விரைவில் வேலைக்குத் திரும்புவார்; பழகிய கைகள் வேறிடம் போகமாட்டா. அதனால், காப்புறுதி கேட்பதைப் பிச்சை கேட்பதாக எண்ண வேண்டியதில்லை. அதேவேளை, காப்புறுதி அட்டையைக் காட்டி வேறு கடமைகளைத் தட்டிக் கழிக்க இடம் கொடுக்கவும் கூடாது. வேலையினால் ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கொடுப்பது 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின்படி தொழில்தருநரின் பொறுப்பு. அதற்கு மருத்துவக் காப்புறுதி ஈடாகாது.

'மான்பவர்' என்ற பெயரில் இடைத்தரகர் மூலம் வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். ஒரே மேசையில் ஒரே வேலை செய்தாலும், கம்பனியின் குழுவில் இவர்கள் பெரும்பாலும் அடங்குவதில்லை. நியமனக் கடிதத்தில் தொழில்தருநராகக் குறிப்பிடப்பட்டிருப்பவர் யார் என்று முதலிற் பாருங்கள். காப்புறுதி உண்டென்று சொன்னால், எந்த நாளிலிருந்து என்றும், துணைவரும் பிள்ளைகளும் அடங்குவரா என்றும், வருடத்துக்கு எவ்வளவு வரை என்றும், மகப்பேறும் முன்பே இருந்த நோயும் சேருமா என்றும் எழுத்தில் கேளுங்கள். வைத்தியசாலைப் பற்றுச்சீட்டுகளின் மூலப்பிரதிகளைக் கொடுக்குமுன் போட்டோப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விடுபவர், விலகல் கடிதம் கொடுக்குமுன், தேவையான சிகிச்சை ஏதும் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. விலகும் நாள்வரை நடந்த சிகிச்சைக்கான கோரிக்கையை எத்தனை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்பதையும் அன்றே அலுவலகத்திற் கேட்டுக்கொள்ளட்டும்.