மூக்கடைப்பு மருந்து: அறிந்து பாவிப்போம்

மாரி மழை தொடங்கினால் கப்பல்துறையில் வீட்டுக்கு வீடு தடிமன். சூடடிப்புக் காலத்தில் நெற்தூசி, கச்சான் வீசும் மாதங்களில் மண்தூசி. மூக்கு அடைத்தால் இரவில் நித்திரை இல்லை. மறுநாள் வயலுக்கோ கூலிக்கோ போக இயலாது. இடம்பெயர்ந்து வந்து நாட்கூலியில் வாழும் நாம் ஒருநாள் உழைப்பை இழக்க முடியாமல், கடையில் இரண்டு குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறோம். அந்தக் குளிசை நம் உடலில் என்ன செய்கிறது என்பதை இப்பாடத்தில் படிப்போம்.

மருந்து வேலை செய்யும் விதம்

தடிமன் வந்தால் மூக்கின் உட்சவ்விலுள்ள சிறு குருதிக் குழாய்கள் விரிந்து, சவ்வு வீங்குகிறது. மருந்து அக்குழாய்களைச் சுருக்க, வீக்கம் வற்றி மூச்சு வருகிறது. சூடோஎபிட்ரின், பினைலெப்ரின் ஆகியவை விழுங்கும் மருந்துகள். சைலோமெற்றாசோலின், ஒக்சிமெற்றாசோலின் ஆகியவை மூக்கில் விடும் சொட்டுகள்.

விழுங்கிய மருந்து உடல் முழுவதும் பரவி மற்றக் குருதிக் குழாய்களையும் சுருக்கக்கூடும். அதனால் பிரஷர் ஏறலாம், நெஞ்சு படபடக்கலாம், நித்திரை குழம்பலாம், கை நடுங்கலாம். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் தடைப்படலாம். தடிமன் குளிசைகள் பலவற்றில் தூக்கம் வரச்செய்யும் மருந்தும் கலந்திருக்கும். அதைப் போட்டுவிட்டு உழவு இயந்திரம் ஓட்டுவது ஆபத்து.

பினைல்புரொப்பனொலமைன் என்ற மருந்து மூளையில் குருதிக்கசிவை உண்டாக்கக்கூடும் என்று கண்டறியப்பட்டதால், 2000ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அதை விற்பனையிலிருந்து நீக்கும்படி கேட்டது. விழுங்கும் பினைலெப்ரின் மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அந்நாட்டு நிபுணர் குழு 2023இல் முடிவு செய்தது. பயனில்லாத மருந்துக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

சொட்டு மருந்தை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் விட்டால், மூக்கு முன்னிலும் மோசமாக அடைக்கும். மீண்டும் சொட்டு, மீண்டும் அடைப்பு என்று அது பழக்கமாகிவிடும்.

யார் கவனமாயிருக்க வேண்டும்?

பிரஷர், இருதய நோய், சலரோகம், தைரொயிட், கண் அமுக்க நோய் உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் வைத்தியரைக் கேட்காமல் இம்மருந்துகளைப் பாவிக்கக்கூடாது. கிளினிக்கில் மருந்து எடுப்பவர்கள் கிளினிக் கொப்பியைக் கடையில் காட்டுங்கள்.

சிறு பிள்ளைகளுக்குத் தடிமன் பாணியை நாமாக வாங்கிக் கொடுக்கக்கூடாது. 2025இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் நச்சுப்பொருள் கலந்த ஒரு பாணியைக் குடித்து 20க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்டது. அயலவர் நல்ல மனதோடு தரும் மிச்ச மருந்தையும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை

1. கொதிக்கவைத்து ஆறிய ஒரு தம்ளர் நீரில் (250 மில்லிலீற்றர்) மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, மூக்கில் சில சொட்டுகள் விடுங்கள். கிணற்று நீரை அப்படியே விடவேண்டாம்.
2. கொத்தமல்லி, இஞ்சி அவித்த தண்ணீரை இளஞ்சூட்டில் குடியுங்கள்.
3. வேது பிடிக்கும்போது பிள்ளைகளைச் சுடுநீர்ப் பானைக்கு அருகில் விடாதீர்கள்.
4. சூடடிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள்.

தடிமன் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் தானாக மாறும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தாங்கமுடியாத தலையிடி, பேச்சுக் குழறல், கைகால் சோர்வு, சிறுநீர் தடைப்படல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

நிலத்தையும் வீட்டையும் விட்டு வந்தபோதும் நம்மோடு வந்தது இந்த உடல். இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அதை அறிவோடு பேணுவதும் ஒரு நன்றிக்கடனே.

கலந்துரையாட:

1. நம் வீட்டில் இப்போது உள்ள மருந்துகள் எவை? அவற்றின் காலாவதித் திகதி என்ன?
2. நம் குழுவில் பிரஷர் மருந்து எடுப்பவர்கள் யார்? அவர்களுக்கு இப்பாடத்தை யார் சொல்லிக்கொடுப்பது?