ஸ்பான்சர் வேறு, ஏஜென்ட் வேறு

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: பிள்ளையை எதில் சேர்ப்பது? அதற்குச் சொல்லப்படும் பதில்களில் இப்போது ஜே-1 விசாவும் சேர்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஃபிட்டர் வேலையில் அருமையான கை. அரம் பிடித்தால் மட்டம் பிசகாது. ஐடிஐ முடித்த கையோடு அதையெல்லாம் விட்டுவிட்டு ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோவில் சேர்ந்தான். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் அமெரிக்க ஹோட்டல் வாசலில் நின்று எடுத்த படம் வாட்ஸாப்பில் வந்தது. அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. பையனுக்குச் சமையலிலும் ஆசை இல்லை, விருந்தினரைக் கவனிப்பதிலும் ஆசை இல்லை. இப்படி ஒருவன் இல்லை, பலரைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இன்ஜினீயரிங், ஐடி, கல்ஃப் வேலை, கப்பல் வேலை பற்றி வடசென்னையில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கப்பலுக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஆள் எடுக்கும் கம்பெனிக்கு டிஜி ஷிப்பிங் கொடுத்த ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் காசும் கொடுக்காதீர்கள், சான்றிதழும் கொடுக்காதீர்கள். இனி, பயிற்சிக்கும் படிப்புக்கும் ஸ்பான்சர் தேடி வெளிநாடு போகும் வழிகளைப் பார்ப்போம்.

முதலில் ஜே-1. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமெரிக்க வெளியுறவுத் துறை நடத்தும் பரிமாற்றத் திட்டம் இது. வேலைக்கு ஆள் எடுக்கும் விசா இல்லை. கற்றுக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியவர்களுக்கான விசா. நம் வீடுகளில் இது ஒன்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இதில் மூன்று தரப்பு இருக்கிறது. வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் அமைப்பு ஒன்று. பயிற்சி கொடுக்கும் ஹோட்டலோ கம்பெனியோ இரண்டாவது. பயிற்சிக்குப் போகிறவர் மூன்றாவது. விசாவுக்கு அடிப்படையான டிஎஸ்-2019 படிவத்தைக் கொடுக்கும் அதிகாரம் ஸ்பான்சருக்கு மட்டுமே உண்டு. மாடிப்படி ஏறி, ஏசி அறையில் நாம் பார்க்கும் ஏஜென்ட் இந்த மூவரில் யாரும் இல்லை. அவரால் விசா "வாங்கிக் கொடுக்க" முடியாது. அப்படிச் சொன்னாலே எழுந்து வந்துவிடலாம்.

யார் போகலாம் என்பதற்கும் விதி உண்டு. பள்ளிக்கு மேற்பட்ட படிப்பில் இருப்பவர்களும், அதை முடித்துப் பன்னிரண்டு மாதம் ஆகாதவர்களும் இன்டர்ன் பிரிவில் ஓராண்டு வரை போகலாம். டிரெய்னி பிரிவுக்குப் பட்டமோ தொழில்முறைச் சான்றிதழோ இருந்து, அதே துறையில் அமெரிக்காவுக்கு வெளியே ஓராண்டு வேலை அனுபவம் வேண்டும். அந்தப் படிப்பு இல்லையென்றால் ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். இந்தப் பிரிவில் பொதுவாகப் பதினெட்டு மாதம் வரை இருக்கலாம்; ஹோட்டல் துறைக்குப் பன்னிரண்டு மாதம்தான். ஐடிஐ சான்றிதழை ஏற்பார்களா என்பது ஸ்பான்சர் முடிவு செய்ய வேண்டியது. பணம் கட்டும் முன்பே அவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து டிஎஸ்-7002 என்ற பயிற்சித் திட்டப் படிவம். எந்தக் கட்டத்தில் எந்தப் பிரிவில் இருப்பீர்கள், என்ன கற்பீர்கள், யார் மேற்பார்வை என்பதெல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். கற்பதற்கு ஏதுமில்லாத எடுபிடி வேலையில் பயிற்சியாளரைப் போடக்கூடாது என்பது விதி. அலுவலக எழுத்து வேலை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ஹோட்டல் பயிற்சி ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால் குறைந்தது மூன்று பிரிவுகளில் மாற்றி மாற்றிப் போட வேண்டும். வருடம் முழுக்க ஒரே அறை துடைப்பு, ஒரே பாத்திரம் கழுவல் என்றால் அது பயிற்சி இல்லை. அந்தப் படிவத்தில் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். வாசிக்காமல் போடுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் ஆங்கிலம் போதுமா என்று ஸ்பான்சர் உறுதி செய்ய வேண்டும்: அங்கீகரித்த தேர்வு, கல்வி நிறுவனத்தின் சான்று, அல்லது நேரிலோ வீடியோவிலோ ஒரு நேர்காணல். இதில் எதையுமே யாரும் கேட்கவில்லை என்றால் ஏதோ தப்பு நடக்கிறது. ஸ்பான்சர்களின் பட்டியல் வெளியுறவுத் துறையின் ஜே-1 தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. பெயரை அங்கே தேடுங்கள்; தளத்தில் உள்ள முகவரிக்கே கடிதம் எழுதி, இந்த ஏஜென்ட்டை உங்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். விசா கட்டணம் 185 டாலர், அமெரிக்க அரசின் பதிவு முறையான செவிஸுக்குக் கட்டணம் 220 டாலர். ஸ்பான்சரின் திட்டக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட் ஆகியவை தனி. இதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். நகையை அடகு வைத்து, போதாததற்குத் தண்டல் வாங்கிக் கட்டிய வீடுகள் நம் தெருக்களில் உண்டு. அங்கே மணிக்கூலியில் வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவது வட்டிக்கே போகும். ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலில் நிராகரித்துவிட்டால் கட்டிய விசா கட்டணம் திரும்பாது. அதிகாரி கேட்பது இரண்டுதான்: அங்கே என்ன கற்கப் போகிறாய், திரும்பி வந்து அதை வைத்து என்ன செய்வாய்? மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவன் இரண்டாவது கேள்வியில் விழுந்துவிடுகிறான்.

இப்போது இன்னொரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. அமெரிக்க அரசு நாடுவாரியாக வைத்திருக்கும் திறன் பட்டியலில் இருந்த துறைகளில் ஜே-1 முடித்தவர்கள் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. 2024 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து இந்தியாவை எடுத்துவிட்டார்கள். உடனே "அங்கேயே செட்டில் ஆகலாம்" என்கிறார்கள். பட்டியலில் பெயர் நீங்கியதால் யாருக்கும் வேலை கிடைத்துவிடாது. எச்-1பி வேலை விசாவுக்குப் பட்டப்படிப்புக்குரிய வேலை வேண்டும், அப்புறம் குலுக்கல். 2025 செப்டம்பரில், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணமும் அறிவித்தார்கள். ஒரு டிப்ளமோ பையனுக்காக எந்த ஹோட்டல் அதைக் கட்டும்?

இவ்வளவு சொன்னதால் ஜே-1 மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுப்படியிலேயே வளர்ந்த, சமையலைத் தொழிலாக நேசிக்கிற பிள்ளைக்கு அது நல்ல வாய்ப்பு. பட்டமும் இரண்டு ஆண்டுப் பள்ளி அனுபவமும் உள்ள ஆசிரியர்களுக்கு இதே ஜே-1இல் மூன்று ஆண்டுகள் வரை கற்பிக்கும் பிரிவு இருக்கிறது. 1950இல் தொடங்கிய அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை வழியாக ஃபுல்பிரைட் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்கு விண்ணப்பக் கட்டணமே இல்லை. நம் பகுதிப் பள்ளி ஆசிரியைகள் இதைக் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அமெரிக்காவைத் தாண்டிப் பார்த்தால், ஜெர்மனியின் அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சி இரண்டு முதல் மூன்றரை ஆண்டு. பெரும்பகுதி நேரம் கம்பெனியில், மீதி நேரம் தொழிற்பள்ளியில். முதல் ஆண்டிலிருந்தே உதவித்தொகை உண்டு. 2025இல் தொடங்கியவர்களுக்குக் குறைந்தபட்சம் மாதம் 682 யூரோ. ஆனால் ஜெர்மன் மொழியில் பி-1 அளவு பொதுவாகக் கேட்கிறார்கள். நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் உட்கார்ந்து படிக்கப் பொறுமை இருந்தால் இறங்குங்கள்.

ஜப்பான் பக்கம் எனக்குச் சாய்வு அதிகம், அதை மறைக்க விரும்பவில்லை. பல காலம் பட்டறையில் வெல்டிங் சொல்லிக்கொடுத்தவன் நான். கைவேலையை மதிக்கிற நாடு எனக்குப் பிடிக்கும். 2017இல் இந்தியா கையெழுத்திட்ட தொழில்நுட்பப் பயிற்சியாளர் திட்டத்தில் மூன்று முதல் ஐந்து ஆண்டு பயிற்சி. அதில் குறை இல்லாமல் இல்லை: இடையில் கம்பெனி மாற வழியில்லை, அதனால் பலர் கஷ்டப்பட்டார்கள். ஜப்பானே அதைக் கைவிட்டு, 2027இல் வேறு முறை கொண்டுவரச் சட்டம் இயற்றியிருக்கிறது. குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவுக்கு 2021இல் ஒப்பந்தம் ஆனது. அதில் ஒரே துறைக்குள் கம்பெனி மாறலாம். கப்பல் கட்டுதல், உற்பத்தி, மீன்பிடி எல்லாம் அந்தத் துறைகளில் அடங்கும். காசிமேட்டுப் பிள்ளைகளும் திருவொற்றியூர் வெல்டர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஜப்பானிய மொழியில் என்-4 அளவு தேவை. அதற்கான ஜேஎல்பிடி தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையிலேயே நடக்கிறது.

இதைவிடவும் நல்ல வழி, கம்பெனியே அனுப்பிவைப்பது. ஜப்பானில் 1959இல் தொடங்கிய ஏஓடிஎஸ் அமைப்பு, வெளிநாட்டு ஆலை ஊழியர்களை வரவழைத்துப் பயிற்சி கொடுக்கிறது. அங்கே போய் வந்தவர்களின் சங்கம் சென்னையிலேயே ஜப்பானிய மொழி வகுப்பு நடத்துகிறது. நம் பகுதியின் கதையும் கம்பெனி வழியே வெளிநாட்டுத் தொழிலைக் கற்ற கதைதான். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் ஆஸ்டின் காரைத்தான் பூட்டியது. லேலண்ட் லாரி பிறகு வந்தது. ராயல் என்ஃபீல்டும் இங்கிலாந்திலிருந்து திருவொற்றியூர் வந்து சேர்ந்ததுதான். அந்த வேலையை இங்கேயே நின்று கற்ற கைகளால்தான் இந்த ஊர் எழுந்தது.

எந்த நாடாக இருந்தாலும் வேலைக்கென்று அனுப்பும் ஏஜென்ட்டின் உரிமத்தை இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு முப்பதாயிரம் ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. "கன்சல்டன்சி" போர்டு மாட்டியவர்கள் இதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. தனியாரிடம் போகுமுன் அங்கே ஒரு நடை போய் வாருங்கள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்கு எதில் கை ஓடுகிறது என்று ஒரு வருடமாவது உற்றுப் பாருங்கள். லேத் முன்னால் நாலு மணி நேரம் சலிக்காமல் நிற்கிறவனைச் சாப்பாட்டு மேசைக்கு அனுப்பாதீர்கள். நாலு பேரிடம் சிரித்துப் பேசப் பிடித்த பெண்ணை லேத் முன்னால் நிறுத்தாதீர்கள். பிள்ளைகளே, இருபது வயதில் இரண்டு வருடம் தள்ளிப்போனால் எதுவும் கெட்டுவிடாது. அந்த வருடங்களில் கிடைக்கும் வேலை அனுபவத்தைத்தான் மேலே சொன்ன சில வழிகள் கேட்கின்றன. முதலில் இங்கே அப்ரண்டிஸ் ஆகுங்கள், கூடவே மாலையில் ஒரு மொழி படியுங்கள். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்கள் தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாகப் பதியலாம். ஐடிஐ முடித்தவர்களுக்கு அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளம் இருக்கிறது. இரண்டிலும் பதிவுக்குக் கட்டணம் கிடையாது.